தோணித் தண்ணீரும் பீலித் தண்ணீரும்



நீரின் நடுவே இருந்துகொண்டே நீருக்கு ஏங்குவோர் இரு சாரார் உளர். பாய்க்கப்பலேறி நெடுங்கடலில் செல்லும் மாலுமி ஒருவர். நுவரெலியா, ஹற்றன் முதலிய மலைப் பகுதிகளிலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் தொழிலாளி மற்றவர். முன்னவரைச் சூழ்ந்திருப்பது உப்புநீர். ஆகவே அவருடைய ஏக்கம் இயற்கையால் வந்தது. பின்னவரைச் சூழ்ந்திருப்பதோ இலங்கையின் மிகத் தூய ஊற்றுகளும் அருவிகளும். எனினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவர் வீட்டுப் பெண்கள் குடத்தைச் சுமந்துகொண்டு நடந்தனர். இந்த ஏக்கம் எங்கிருந்து வந்தது? இன்றைய பேச்சில் இதற்கு விடை தேட விழைகின்றேன். விடையைத் தேடக் கப்பலிலிருந்துதான் புறப்பட வேண்டும். மலைநாட்டு மக்களின் முன்னோர் கடல் கடந்து வந்தவர்களல்லவா?

பாய்க்கப்பலில் நீர் எவ்வாறு பேணப்படுகின்றது என்பதை முதலில் பார்ப்போம். கப்பலிலே நீர் இரு வகை. ஒன்று, கரையிலிருந்து ஏற்றிச் செல்லும் நன்னீர். மற்றது, கப்பலின் புறத்தே எல்லையின்றிக் கிடக்கும் கடல்நீர். பழங்காலத்தில் நன்னீரை மரப் பீப்பாய்களில் நிறைத்தனர். சில வாரங்களில் அது நிறம் மாறி நாற்றமெடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புத் தொட்டிகள் வந்த பின்னர் அக்குறை பெரிதும் நீங்கியது. இக்காலத்திலே சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்ற விரும்புவோர் படகின் அடிப்பகுதியில் தொட்டி அமைக்கின்றனர். அதிலிருந்து நீரை மேலேற்றச் சமையற் பகுதியிலே காலால் மிதிக்கும் ஒரு சிறு பம்பு உண்டு. அதன் அருகிலேயே கடல்நீரை இழுக்கும் இன்னொரு பம்பும் இருக்கும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, இறுதியில் ஒரு சிறங்கை நன்னீரில் அலசுவர். நங்கூரச் சங்கிலியோடு ஏறிவரும் சேற்றைக் கழுவவும், மேற்றளத்தைத் துடைக்கவும் கடல்நீர்க் குழாய் ஒன்று முன்புறத்தே பொருத்தப்படும். மழை பெய்தால் பாயிலே வழியும் நீரையும் பிடித்து வைப்பர்.

இவ்வசதிகளிற் பெரும்பாலானவை படகு கட்டிய பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படுபவை. பண்டம் ஏற்றுவதற்கென்று கட்டிய கலத்தில் மனிதர் வாழத் தலைப்பட்டால், இருக்கின்ற இடத்துக்குள்ளே குழாயையும் தொட்டியையும் எப்படியேனும் நுழைக்க வேண்டியதுதான். நமது நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. வல்வெட்டித்துறையிலே தமிழ்க் கைவினைஞர் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தில் சேர்த்தனர். வாணிபக் கலமாகப் பிறந்தது ஒருவருடைய உல்லாசக் கலமாயிற்று. அத்தகைய நெடும் பயணத்திலே உணவைவிட, காற்றைவிட, நாள்தோறும் கணக்கிட வேண்டிய பொருள் குடிநீரே என்பதைக் கடலோடிகள் அனைவரும் அறிவர்.

இனி, நம் முன்னோர் ஏறிவந்த தோணிக்கு வருவோம். கண்டிச் சீமையிலே கோப்பிப் பயிர் 1820களில் தொடங்கி, 1830களுக்குப் பின் விரைந்து பரவியது. அதற்கு வேண்டிய ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டனர். தொண்டி, அம்மாப்பட்டினம், தேவிபட்டினம், பாம்பன் ஆகிய கரைகளிலிருந்து பாய்த்தோணிகள் மன்னார்க் கரைக்கு ஓடின. கடக்கும் தூரம் பெரிதன்று. காற்று வாய்த்தால் விரைவில் முடியும். காற்று மாறினாலோ, நெருக்கியடித்து ஏறிய அத்தனை பேருக்கும் தோணியில் இருந்த நீரே கதி.

அக்காலத்துக் கப்பற் பயணிகளுக்குச் சட்டப் பாதுகாப்பே இருக்கவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். இருந்தது, ஆனால் இவர்களுக்கு இருக்கவில்லை. பிரித்தானியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தோருக்காக அந்நாட்டுப் பாராளுமன்றம் 1855இல் இயற்றிய பயணிகள் சட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குவாட் நீர், அதாவது ஏறக்குறைய 3.4 லீற்றர் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. மொறிசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்ற இந்திய ஒப்பந்தத் தொழிலாளருக்கும், கப்பலில் இத்தனை இடம், இத்தனை உணவு, இத்தனை நீர் என்ற விதிகள் இருந்தன. அவ்விதிகளும் பலகால் மீறப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் எழுத்திலேனும் இருந்தன. இலங்கைக்கு வந்தோர் அந்த ஒப்பந்த முறைக்குப் புறம்பானவர்கள். கூப்பிடு தூரத்துக் கடல்தானே என்ற எண்ணத்தால் தோணித் தண்ணீர் எவருடைய பொறுப்பும் ஆகவில்லை. தன் ஆட்களுக்குக் கங்காணி பார்த்துக்கொள்வான் என்பதே ஏற்பாடு. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலைமேலும் இதே ஏற்பாடு நம்மைத் தொடர்ந்து வரும்.

தோணியை விட்டிறங்கிய பின் நடை தொடங்கியது. மன்னாரிலிருந்து மடு, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையில், ஏறக்குறைய நூற்றைம்பது மைல் தூரம் வறண்ட காட்டினூடே செல்லும் வடபாதை அது. கோடையிலே குளங்கள் வற்றிச் சேறாகும். அந்தச் சேற்று நீரே குடிநீர். அதே நீரே குளிக்கும் நீர். கொள்ளைநோய் என்று நம் மக்கள் அழைத்த வாந்திபேதி அந்தப் பாதையிலே எண்ணற்றோரைக் கொண்டு சென்றது. இலண்டன் நகரில் 1854ஆம் ஆண்டு ஜோன் சினோ என்னும் மருத்துவர், ஒரே பம்பிலிருந்து நீர் அள்ளிய மக்களிடையே வாந்திபேதி பரவியதைக் காட்டி, நோய் நீரின் வழியே வருவது என்று நிறுவ முயன்றார். அவருடைய கருத்தைப் பலர் ஏற்க நெடுங்காலம் சென்றது. வடபாதையிலே நடந்தவர்களோ அந்த உண்மைக்கு உயிரையே விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தனர். நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கம் அப்பாதையில் தங்குமடங்களையும் கிணறுகளையும் மருத்துவ நிலையங்களையும் அமைத்தது. பாதை முதலில், கிணறு பின்னர். அது பிந்திய காலத்திலே எத்தனை பேர் மாண்டனர் என்ற கணக்கில் அறிஞர் இன்றும் மாறுபடுவர். மாண்டது தாகத்தாலும் கெட்ட நீராலும் என்பதில் மாறுபாடு இல்லை.

வடபாதை 1899இல் மூடப்பட்டது. அதன் பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலில் வந்தனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியது. அக்கரையில் மண்டபம் முகாம் எழுந்தது. அங்கே தொழிலாளர் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். குளிக்கச் செய்தனர், உடுப்புகளை நீராவியிலிட்டனர், அம்மை குத்தினர், கழுத்திலே தகர வில்லையைக் கட்டினர். இங்கேதான் முதன்முதலாக நம் மக்களுக்கு நீர் தாராளமாகக் கிடைத்தது எனலாம். ஆனால் அது யாருக்காக? தோட்டத்துக்கு நோய் வரக்கூடாது என்பதற்காக. மனிதனுடைய வசதிக்காக அன்றி, மனிதனைப் பரிசோதிப்பதற்காக நீர் ஊற்றப்பட்டது. எனினும் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை மறுத்தல் நன்றியாகாது.

இனி மலைக்கு ஏறுவோம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. கோப்பிக்குப் பருவத்துக்கு மட்டும் வந்து திரும்பியோர், ஆண்டு முழுதும் கொழுந்து கொடுக்கும் தேயிலைக்குக் குடும்பத்தோடு வந்து தங்கினர். தங்குவதற்கு லயங்கள் கட்டப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பரா. முன்னே ஒரு சிறு வாசல். அதுபோல் வரிசையாகப் பல. சில இடங்களில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசை.

அந்த வரைபடத்தைச் சற்று நோக்குங்கள். சுவர் உண்டு, கூரை உண்டு, கதவு உண்டு. நீர் இல்லை, கழிப்பிடம் இல்லை, குளிப்பதற்கு மறைவான இடம் இல்லை. பண்டத் தோணியைப் போலவே லயமும் ஆட்களை அடுக்கும் கலமாகத்தான் கட்டப்பட்டது.

தோட்டத்திலே நீருக்குக் குறைவா? இல்லவே இல்லை. மலையிலிருந்து வீழும் ஓடையைத் திருப்பி, நீர்ச்சக்கரத்தையும் பின்னர்ச் சுழலியையும் ஓட்டி, அதனாலே தேயிலைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களை இயக்கினர். துரையின் பங்களாவுக்குக் குழாயில் நீர் வந்தது. நிலையந்தோறும் புகைவண்டியின் இயந்திரத்துக்குக்கூடத் தொட்டியில் நீர் காத்திருந்தது. நுவரெலியா நகரத்தின் வீதிகளுக்கு ஒளியூட்ட, 1912இல் பிளக்பூல் என்னுமிடத்தில் சிறியதொரு நீர்மின் நிலையமும் அமைந்தது. இயந்திரத்துக்கு நீர் வேண்டும் என்பதைப் பொறியியலார் மறக்கவில்லை. இயந்திரம் நீரின்றி நின்றுவிடும். மனிதன் நின்றுவிட மாட்டான், எங்கேனும் நடந்துபோய் அள்ளிக்கொள்வான் என்பது அவர்கள் கணக்கு.

அவ்வாறு அள்ளிய இடமே பீலி. ஊற்றிலிருந்து வரும் நீரை ஒரு மூங்கிலிலோ தகரத்திலோ ஏந்தி, கீழே வீழும்படி செய்த தாரைக்குப் பீலி என்று பெயர். மலைநாட்டிலே வளர்ந்த எவருக்கும் பீலிக்கரை என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளத்தில் ஒரு குளிர் பரவும். அங்கேதான் ஊர்ச்செய்தி பேசப்பட்டது. அங்கேதான் சண்டையும் சமாதானமும் நடந்தன. கலியாணப் பேச்சும் அங்கே முளைத்தது. ஆனால் அதன் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். விடியுமுன் தப்பு ஒலித்ததும் பெண் எழுவாள். பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். அதற்குமுன் நீர் கொணர வேண்டும். நுவரெலியாவின் தை மாதப் பனியிலே, புல்லின்மேல் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்க, வெறுங்காலோடு பீலிக்குப் போய் வரிசையில் நிற்பாள். மாலையிலே கூடையை இறக்கியதும் மறுபடியும் பீலி. அட்டை கடித்த காலையும் சேறுபடிந்த படங்கையும் கழுவுவது அங்கே. பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது அங்கே. தான் குளிப்பது, பலர் பார்க்கும் அதே வெளியில், உடுத்த சேலையோடு.

கணக்காகச் சொன்னால் இதன் பாரம் விளங்கும். நாலு கலன் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஏறக்குறைய 18 லீற்றர் நீர் பிடிக்கும். அதன் நிறை 18 கிலோகிராம். நீரை வெளியிலிருந்து சுமந்து வரும் குடும்பங்களில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர் அளவே புழங்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீடு ஒன்று கூறுகின்றது. ஐவர் உள்ள வீட்டுக்கு அது 100 லீற்றர், ஐந்தாறு தகரங்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்த அதே உடம்பு, நாள்தோறும் நூறு கிலோ நீரையும் மேட்டிலே ஏற்றியது. அந்தச் சுமைக்குச் செக்றோல் புத்தகத்தில் பதிவு இல்லை, கூலியும் இல்லை.

இதனை மாற்றச் சட்டம் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது, மெதுவாக. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கான முதற் சட்டம் 1872இல் வந்தது. 1912இல் வந்த சட்டம், லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுகாதார நிலையில் வைத்திருப்பது தோட்ட அதிகாரியின் கடமை என்று விதித்தது. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். கொக்கிப்புழு, மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவது. மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது, தொழிலாளர் முகத்தில் இரத்தம் ஊறியது. சில மாதங்களில் அதே தொழிலாளருக்கு மீண்டும் நோய் வந்தது. காரணம் வெளிப்படை. கழிப்பிடம் இல்லாத மண்ணிலே அவர்கள் மீண்டும் வெறுங்காலோடு நடந்தனர். மருந்து மட்டும் போதாது, கழிப்பிடம் வேண்டும், கழுவ நீர் வேண்டும் என்ற பாடத்தை அந்த முயற்சி கற்பித்தது. அதன் பின்னரே தோட்டங்களில் கழிப்பிடங்கள் பெருகத் தொடங்கின. லயத்துக்கு அருகே பொதுக் குழாய்களும் ஆங்காங்கே தோன்றின. கட்டி முடித்த லயத்தின் ஓரத்தில் பின்னர் ஒட்டவைத்த வசதிகள் இவை. பண்டப் படகில் நுழைத்த குழாயை ஒத்தவை.

நாடு சுதந்திரம் பெற்றது. அதே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் மலைநாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். வாக்கில்லாதவனுடைய குழாயைப் பற்றி யார் கேட்பார்? அதே காலத்தில் மலைநீர் மட்டும் நாட்டுக்கு உரிமையாயிற்று. இலக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்றீ நீர்த்தேக்கம் 1965இலும், மவுசாக்கலை நீர்த்தேக்கம் அந்தப் பத்தாண்டின் இறுதியிலும் நிறைந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. இந்நீர் களனி ஆற்றில் இறங்கிக் கொழும்பு மக்களின் தாகத்தையும் தணிக்கின்றது. ஹற்றன் மலையில் வீழ்ந்த மழை, தலைநகரில் விளக்காயிற்று, குடிநீராயிற்று. நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்த லயத்துப் பெண்ணோ அப்பொழுதும் குடத்தோடு நடந்தாள். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர், முன்னோர் வந்த கடலையே மறுபடி கடந்து, மண்டபம் முகாமிலே மீண்டும் நீருக்கு வரிசையில் நின்றனர். தலைமன்னார்க் கப்பற் சேவை 1984இல் நின்றுபோயிற்று.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இக்காலங்களிலே வாக்குரிமையும் தொழிற்சங்கப் பலமும் வளர வளர, குழாய்களும் கழிப்பிடங்களும் தனி வீடுகளும் கூடின. 2016 முதல் இந்திய அரசின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்டப் பகுதிகளில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கியது. ஆனால் ஒரு செய்தியைக் கவனியுங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அந்தத் தடை 2018இலேதான் திருத்தத்தின் மூலம் நீங்கியது. அதுவரை ஒரு பொதுக் கிணறோ குழாயோ கேட்டு ஊர்ச் சபையை நாடும் சாதாரண உரிமைகூட இம்மக்களுக்குக் கிடைக்கவில்லை. தோணிக் காலத்தில் கங்காணி பார்த்துக்கொள்வான் என்றனர். பின்னர் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்றனர். இரண்டும் ஒரே விடைதான்.

நேயர்களே, தொடக்கத்தில் கண்ட மாலுமிக்கும் மலைவாசிக்கும் உள்ள வேற்றுமையை இப்போது சொல்லிவிடலாம். மாலுமி நீரைச் சுருக்கிப் புழங்குவது அறிவுடைமை. தொட்டி வற்றினால் கடலில் வேறு வழியில்லை. அவன் தன் நீரைக் கையாலோ காலாலோ விசையாலோ மேலேற்றவும் வேண்டும். மலையிலே அந்தத் தொல்லையும் இல்லை. ஊற்று மேலே, வீடு கீழே. ஊற்றுக்கண்ணைக் கட்டிப் பாதுகாத்து, மண் படியும் தொட்டி ஒன்றும், சேமிக்கும் தொட்டி ஒன்றும் அமைத்துக் குழாயைப் போட்டால், நீர் தானே இறங்கி வரும். பத்து மீற்றர் இறக்கமே ஒரு வீட்டுக் குழாய்க்குப் போதிய அழுத்தத்தைத் தரும். இயற்கை இலவசமாகத் தந்த அந்த இறக்கத்தைத் தொழிற்சாலைச் சக்கரம் முதல் நாளே பயன்படுத்திக்கொண்டது. லயம் நூறாண்டு காத்திருந்தது. ஆகவே மலைநாட்டுத் தாகம் இயற்கை விதித்ததன்று. வரைபடத்தில் நீரை எழுத மறந்தவர்கள் விதித்தது.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் எளியது. இன்று ஒரு மலைச்சரிவிலே புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டும்போது, கல்லுக்கு முன்னர் ஊற்றைக் கேளுங்கள். எந்த ஊற்று? கோடையில் எவ்வளவு தரும்? அதன் மேலே காடு இருக்கின்றதா, அல்லது மரக்கறித் தோட்டத்தின் நஞ்சு அதில் கலக்கின்றதா? கழிவுநீர் எங்கே போகும்? கீழே யார் அதே ஓடையில் நீர் அள்ளுகின்றனர்? இக்கேள்விகளுக்கு விடை எழுதிய பின்னரே சுவர் எழட்டும்.

பீலிக்கரையின் இனிய நினைவுகளைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அங்கே கழிந்த விடியற்காலைகளையும் சேர்த்தே சொல்லட்டும். நீர் வீட்டுக்குள் வந்த நாளிலே ஒரு பெண்ணுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கின்றது. அவள் பெற்ற பிள்ளை குளித்து, முகங்கழுவி, நேரத்தோடு பள்ளிக்குப் போகின்றது. தோணியேறி வந்த முன்னோர் தேடிவந்த வாழ்வு அதுதான். அந்த வாழ்வு ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் வந்து சேருமளவும், மலையில் வீழும் அருவி நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.